சில்லில டைனமோ பூட்டினா கார் தானாச் சார்ஜ் ஆகுமோ?

மானிப்பாயில இருந்து ஒரு தம்பி கேட்டு எழுதியிருந்தார். அவற்ர அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் ஒண்டு கொட்டிலுக்குள்ள நிக்குதாம், இஞ்சின் இறுகிப்போச்சுதாம், அதைக் கழட்டிப்போட்டு மோட்டரும் பற்றறியும் வைச்சு ஓட்ட ஏலுமோ எண்டது முதல் கேள்வி. ரெண்டாவதுதான் என்னை இருந்து எழுத வைச்சது: "பின்சில்லில ஒரு டைனமோவைப் பூட்டிவிட்டா ஓட ஓடப் பற்றறி சார்ஜ் ஆகும்தானே சேர், பிறகு ஏன் வீட்டில பிளக்கில குத்துவான்?"

முதல் கேள்விக்கு மறுமொழி சுகம். ஏலும். கோண்டாவிலில என்ர கூட்டாளியின்ர கராஜில ஒரு மைனரை மாத்தேக்க நானும் பக்கத்தில நிண்டனான், அதால சொல்லுறன். இஞ்சின், ரேடியேற்றர், பெற்றோல் டாங்க், சைலன்சர் எல்லாம் வெளியில வந்திடும், கியர்பெட்டியும் பின் அக்சிலும் இருந்த இடத்திலயே இருக்கும். இஞ்சின் இருந்த பக்கத்தில மோட்டரைக் கொண்டுவந்து கியர்பெட்டியோட பொருத்த வேணும், அதுக்கு நடுவில ஒரு தடிச்ச அலுமினியத் தட்டு, மோட்டர் தண்டையும் கியர்பெட்டித் தண்டையும் சேர்க்கிறதுக்கு ஒரு கப்ளிங். பழைய கிளச் பிளேட்டின்ர நடுவில பல்லுப்பல்லா ஒரு துளை இருக்குமே, அந்தத் துண்டை வெட்டி எடுத்து லேத்தில கடைஞ்சுதான் அந்தக் கப்ளிங்கைச் செய்தவை. ரெண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில நிக்க வேணும், ஒரு மில்லிமீற்றரை இருபதாப் பிரிச்சா அதில ஒரு பங்கு விலகினாலே காலப்போக்கில கியர்பெட்டி பெயரிங் அழத் தொடங்கிடும். டயல் கேஜை வைச்சுத் தண்டைக் கையால சுத்திச் சுத்தி ஊசி ஆடாமல் நிக்கும்வரைக்கும் கடதாசி மெல்லிசில தகடு வைச்சு வைச்சுப் பாத்தவை, ரெண்டு நாள் அதிலயே போச்சு.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லிவிடுறன். பற்றறிக்கு லித்தியம் இரும்பு பொசுபேற்று செல், ஒண்டு 3.2 வோல்ற், 45 செல்லைத் தொடரில போட்டா 144 வோல்ற். 100 அம்பியர் மணிச் செல் எண்டா மொத்தம் 14.4 கிலோவற் மணி, கறண்ட் பில்லில வாற கணக்கில 14 யுனிற்றுக்குக் கொஞ்சம் மேல. மைனர் மாதிரிச் சின்னக் கார் எங்கட தட்டை நிலத்தில ஒரு கிலோமீற்றருக்கு 130 வற் மணி அளவில தின்னும், அடிவரைக்கும் வழிச்செடுக்காமல் ஓடினா 80, 90 கிலோமீற்றர் போகலாம், யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறைக்குப் போட்டு வரக் காணும். ஒரு லீற்றர் பெற்றோலில ஏறத்தாழ 9 கிலோவற் மணி சக்தி இருக்கு, அப்பிடிப் பாத்தா அந்த முழுப் பற்றறியும் ஒண்டரை லீற்றர் பெற்றோலைவிடக் கொஞ்சம்தான் கூட! ஆனா பழைய இஞ்சின் பெற்றோலில அஞ்சில நாலு பங்கைச் சூடாக்கி வெளியில விட்டுட்டு ஒரு பங்கிலதான் சில்லைச் சுத்தும், மோட்டர் தலைகீழ், பத்தில எட்டு, ஒம்பது பங்கு சில்லுக்குப் போகும்.

ரெண்டு விசயம் மறக்கக் கூடாது. மைனரில பழைய வயறிங் நேர்முனையைக் கார்ப் பொடியில, எண்டா இரும்புக் கூட்டில, எர்த் பண்ணினது, 144 வோல்ற்றை லைற், ஹோர்னுக்கு 12 வோல்ற்றாக் குறைக்கிற புது கொன்வேட்டரெல்லாம் எதிர்முனை எர்த், மாத்தாமல் குடுத்தா எரிஞ்சுபோம். மற்றது 144 வோல்ற் டீசி ஆளைக் கொல்லும். வீட்டில வாற ஏசி ஒரு செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொட்டுத் தொட்டுப் போறதால பொறி பறந்தாலும் அறுந்திடும், டீசியில பொறி அறாது, இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே எரியும். அதுக்கெண்டு செய்த டீசி பியூஸ்தான் போட வேணும், வீட்டுப் பிறேக்கர் காணாது. மோதிரம், சங்கிலியைக் கழட்டி வைச்சிட்டுத்தான் கை வைக்கலாம்.

சரி, இனி எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறன்.

கறண்ட் இல்லாத 90களில வளந்த ஆக்களுக்குச் சைக்கிள் டைனமோவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, கார்களை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட்டினவை, வீட்டுக்குள்ள ஜாம்போத்தல் விளக்கு. பின்னேரம் அப்பா சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைப்பார், நான் பெடலைக் கையால சுத்த வேணும், டைனமோவில இருந்து வயர் ரேடியோவுக்கு. பிபிசி தமிழோசை முடியுமட்டும் கையை விட ஏலாது. அப்ப நான் கண்ட ஒண்டு இண்டைக்கும் கையில இருக்கு. வயரைக் கழட்டிப்போட்டுச் சுத்திவிட்டா சில்லு ஆறுதலா ஓடி ஓடித்தான் நிக்கும். அதே டைனமோவில பல்பைக் கொழுவினா கை பாரிக்கும், விட்டவுடன சில்லு கெதியா நிண்டிடும். டைனமோ சில்லில உரஞ்சுறது ரெண்டு தரமும் ஒண்டுதான். பல்பு எரியிறதுக்கும் என்ர கை நோகிறதுக்கும் என்ன தொடர்பு எண்டு அப்ப விளங்கேல்ல.

ஓஎல் விஞ்ஞானப் புத்தகத்தில ரெண்டு விசயம் தனித்தனி இடத்தில படிச்சிருப்பியள். காந்தப்புலத்துக்குள்ள இருக்கிற கம்பியில மின்னோட்டம் போனா கம்பியில விசை வரும், அது மோட்டர். காந்தப்புலத்துக்குள்ள கம்பியை அசைச்சா அதில வோல்ற்றளவு வரும், அது டைனமோ. புத்தகத்தில இது ரெண்டு பாடம், கம்பிக்கு அந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது. மோட்டர் சுத்தேக்க அதுக்குள்ள இருக்கிற கம்பி காந்தப்புலத்துக்குள்ள அசையுதுதானே? அப்ப அது சுத்துற நேரமெல்லாம் டைனமோவாவும் இருக்கு, தனக்குள்ள ஒரு வோல்ற்றளவை உண்டாக்குது, அந்த வோல்ற்றளவு பற்றறிக்கு எதிர்ப்பக்கமாத் தள்ளுது. இதைத்தான் பின் மின்னியக்க விசை எண்டு சொல்லுறது, நான் சுருக்கமாப் பின்தள்ளு எண்டு சொல்லுறன். வேகம் கூடக் கூட அதுவும் கூடும்.

இலக்கம் போட்டுப் பாப்பம். மோட்டர்ச் சுருளின்ர தடை 0.05 ஓம் எண்டு வைப்பம். கார் நிக்குது, பின்தள்ளு பூச்சியம், 144 வோல்ற்றை அப்பிடியே குடுத்தா 144ஐ 0.05ஆல பிரிக்க 2,880 அம்பியர். சுருள் உருகிப்போம். இப்ப மோட்டர் வேகமாச் சுத்துது, பின்தள்ளு 139 வோல்ற் எண்டு வையுங்கோ, மிச்சம் 5 வோல்ற், மின்னோட்டம் 100 அம்பியர்தான். மோட்டரைக் காப்பாத்துறது அது சுத்துற சுத்துத்தான். அதால தொடக்கத்தில, பின்தள்ளு இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, கொன்ட்ரோலர் எண்ட பெட்டி வேணும். அது பற்றறியைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் திறந்து பூட்டி, திறந்து பூட்டி, தேவையான அளவு மட்டும் உள்ள விடும்.

நிண்ட நிலையிலயே மோட்டர் முழுப் பலத்தோட இழுக்கிறதும் இதாலதான், மின்னோட்டத்தைத் தடுக்க உள்ள ஒருத்தரும் இல்லாத நேரமது, கொன்ட்ரோலர் விடுற அளவுக்குப் பாயும், பாயிற அளவுக்கு விசை. பெற்றோல் இஞ்சின் ஒரு அளவு வேகத்துக்குக் கீழ போனா நிண்டிடும், அதுக்காகத்தான் கிளச் எண்ட ஒண்டே வந்தது. எங்கட மைனரை மூண்டாம் கியரில போட்டுட்டு அப்பிடியே எடுத்து ஓடினவை.

மேல போட்ட கணக்கை இன்னும் ஒரு அடி கொண்டுபோங்கோ. அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தாச்சு, ஒரு இறக்கத்தில காரின்ர பாரம் உருட்டிக்கொண்டு போக வேகம் கூடுது, பின்தள்ளு 146 வோல்ற் ஆகுது எண்டு வையுங்கோ. 144இல இருந்து 146ஐக் கழிச்சா சய 2, அதை 0.05ஆல பிரிச்சா சய 40 அம்பியர். மின்னோட்டம் திரும்பிப் பற்றறிக்குள்ள ஓடுது! ஒரு சாமானும் புதுசாப் பூட்டேல்ல, ஒரு சுவிச்சும் மாத்தேல்ல, அதே சமன்பாடு, குறி மட்டும் மாறிச்சு. மின்னோட்டம் திரும்பினா விசையும் திரும்பும், அதால கார் இழுபட்டு வேகம் குறையும். என்ர கையைப் பாரிக்க வைச்சது இந்த விசைதான். லென்ஸ் எண்ட விஞ்ஞானி 1834இல சொன்ன விதி இது, தூண்டப்பட்ட மின்னோட்டம் எப்பவும் தன்னை உண்டாக்கின அசைவை எதிர்த்துத்தான் நிக்கும்.

மோட்டரும் டைனமோவும் ஒண்டுதான் எண்டது 1873இல வியன்னாவில நடந்த பெரிய கண்காட்சியில ஊரறிஞ்ச விசயமாச்சு. கிராம் எண்டவர் செய்த டைனமோ ஒண்டு அங்க ஓடிக்கொண்டிருக்க, அதின்ர வயரைச் சும்மா நிண்ட இன்னொரு டைனமோவில தவறுதலாக் கொழுவிப்போட்டினம், அது தன்பாட்டில சுத்தத் தொடங்கிட்டுது எண்டு சொல்லுவினம்.

ஒரு சந்தேகம் வரவேணும். கார் 20 கிலோமீற்றர் வேகத்தில மெதுவா வரேக்க பின்தள்ளு 50 வோல்ற்தான் இருக்கும், 144 வோல்ற் பற்றறிக்குள்ள அது எப்பிடி ஏறும்? பள்ளத்தில இருக்கிற தண்ணி மேட்டுக்கு ஓடுமோ? இதைத்தான் கொன்ட்ரோலர் வடிவாச் செய்யும். தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு டக்கெண்டு பூட்டினா குழாய் "டங்" எண்டு உதறும் கவனிச்சிருக்கிறியளோ? ஓடிக்கொண்டிருந்த தண்ணி நிக்க மனமில்லாமல் முட்டுற முட்டு அது, அந்த நேரம் குழாய்க்குள்ள அமுக்கம் டாங்கில இருந்து வாறதைவிடக் கனக்க. மோட்டர்ச் சுருளுக்கும் அதே குணம், அதுக்குள்ள ஓடுற மின்னோட்டத்தை நிப்பாட்டப் போனா விடாது. கொன்ட்ரோலர் என்ன செய்யுது எண்டா முதல் சுருளின்ர ரெண்டு முனையையும் ஒருகணம் சேத்துவிடும், 50 வோல்ற்றில மின்னோட்டம் சுருளுக்குள்ளயே சுழண்டு ஏறும், ஏறினவுடன டக்கெண்டு திறந்து பற்றறிப்பக்கம் வழிவிடும், சுருள் முட்டுற முட்டில வோல்ற்றளவு 144ஐத் தாண்டும், அந்தக் கணத்தில ஒரு கவளம் மின் பற்றறிக்குள்ள போம். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கவளம். நாங்கள் பிறேக் பிடிச்சுச் சூடாக்கிக் காத்தில விடுற சக்தி கவளம் கவளமாத் திரும்பி வருது. எத்தினை தரம் யோசிச்சாலும் எனக்கு இது அலுக்கிறேல்ல.

வீட்டில செய்து பாக்கிறதெண்டா பழைய காரின்ர வைப்பர் மோட்டர் ஒண்டு எடுங்கோ, காந்தம் வைச்ச வகையா இருக்கவேணும். பற்றறியைக் குடுத்துச் சுத்தவிட்டுட்டு வயரைக் கழட்டினா கொஞ்சம் உருண்டுதான் நிக்கும். கழட்டினவுடன ரெண்டு முனையையும் ஒண்டோட ஒண்டு முட்டவிட்டா சடாரெண்டு நிக்கும். வைப்பர் கண்ணாடியின்ர அடியில நேரா வந்து நிக்கிறதே இந்த வேலையாலதான்.

இப்ப தம்பியின்ர ரெண்டாவது கேள்வி. சில்லில பூட்டின டைனமோ பற்றறிக்கு மின் குடுக்கத் தொடங்கின அந்தக் கணமே சில்லைப் பிடிச்சு இழுக்கும். அது சில்லில இருந்து 1,000 வற்றை எடுக்குது எண்டு வைப்பம். அந்த 1,000ஐச் சில்லுக்குக் குடுக்க மோட்டர் பற்றறியில இருந்து ஏறத்தாழ 1,180 வற் இழுக்கும். டைனமோ தன்ர பங்குக்கு 800 வற்றைத்தான் மின்னாக்கும், பற்றறிக்குள்ள போய்ச் சேர்றது 720. குடுத்தது 1,180, வந்தது 720. எவ்வளவு பெரிய டைனமோ பூட்டுறமோ அவ்வளவு கெதியாப் பற்றறி இறங்கும். பிறேக் பிடிக்கேக்க வாறது வேற கதை, அங்க எப்பிடியும் எறியப்போற சக்தி. 900 கிலோக் கார் 50 கிலோமீற்றர் வேகத்தில இருந்து நிக்கேக்க 24 வற் மணி இருக்கும், அதில 15 அளவில திரும்பினா நூறு மீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடலாம். மலையில்லாத எங்கட ஊரில அதால பெரிய இலாபமில்லை, பஸ் ஸ்ராண்ட் பக்கம் நிண்டு நிண்டு போற ஆக்களுக்குக் கொஞ்சம் காணும். மைனருக்குப் பின்சில்லுதான் இழுக்கிறது, அதால மழையில இந்த இழுவையைக் குறைச்சு வைக்க வேணும், இல்லாட்டிப் பின்பக்கம் வழுக்கும்.

புது வாகனம் எடுத்தா ரயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசுக்கிறம், அது மனசுக்கு ஒரு ஆறுதல், அதால ஒருத்தருக்கும் நட்டமில்லை. "சார்ஜே தேவையில்லாத கார்" எண்டு வீடியோ போட்டுக் காசு வாங்கிறது அப்பிடியில்லை, 2022இல பெற்றோலுக்கு நாள்க்கணக்கா வரிசையில நிண்ட சனத்தின்ர ஏலாமையில கை வைக்கிற வேலை அது, எனக்குக் கோபம் வருது. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் கோயில் கோபுரத்துக்கு மனமாரக் குடுக்கினம், குடுக்கட்டும், அதில ஒரு சின்னப் பங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்கும் குடுத்தா ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மோட்டரைக் கையால சுத்திப் பாத்திருக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில எங்கட பொறியியல் பீடம் இருக்கு, ஊருக்குள்ள அனுபவமுள்ள கராஜ்காரர் இருக்கினம், ரெண்டு பகுதியையும் ஒரே மேசையில இருத்தப் பெரிய காசு தேவையில்லை.

தம்பி, இஞ்சினைக் கழட்ட முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில ஒருக்கா விசாரியுங்கோ, பதிவுப் புத்தகத்தில இஞ்சின் நம்பரும் எரிபொருளும் எழுதிக் கிடக்கு. டைனமோவுக்கு வைச்சிருக்கிற காசைக் கொட்டில் கூரையில சோலர் பனல் போடுறதுக்கு எடுங்கோ. எங்கட வெயிலுக்கு ஒரு கிலோவற் பனல் நாளுக்கு 4 யுனிற் அளவில தரும், சார்ஜ் ஆகேக்க வீணாப் போறது போக மைனர் அதில 25 கிலோமீற்றர் ஓடும், மானிப்பாயில இருந்து ரவுணுக்குப் போய் வரத் தாராளமாக் காணும்.