விரல்ல மாட்டுற மெஷின் 99 காட்டும், நம்பாதீங்க

2021 நவம்பர் 26 ராத்திரி ஆர்வென் புயல் அடிச்சப்போ நான் இங்கிலாந்து வடகிழக்குல ஒரு எமர்ஜென்சி வார்டுல டியூட்டி. இந்த நாட்டுல புயல் பெரும்பாலும் தென்மேற்குல இருந்துதான் வரும், மரமெல்லாம் அந்தக் காத்துக்குப் பழகி வேர் பிடிச்சு நிக்கும், ஆர்வென் வந்ததோ வடகிழக்குல இருந்து, பனியையும் சேத்துக் கொண்டு வந்துச்சு, மரம் கம்பி மேல விழுந்து பத்து லட்சம் வீட்டுக்கு மேல கரண்ட் போச்சு. சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரம் கழிச்சும் வரல.

முதல் ராத்திரி வந்ததெல்லாம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சவங்கதான். நான் சொல்ல வந்தது மூணாவது நாள் வந்த மூணு பசங்களப் பத்தி.

"அண்ணா, நீங்க தமிழா?"ன்னுதான் ஆரம்பிச்சான் ஒருத்தன். மாஸ்டர்ஸ் படிக்க வந்த பசங்க, ஒரே வீட்ல வாடகைக்கு இருக்காங்க. மூணு பேருக்கும் தலைவலி, வாந்தி. ஃப்ரிட்ஜ் ஓடல, முந்தாநாள் சாம்பார் கெட்டுப்போச்சு போலன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டினா ரத்தத்துல ஆக்ஸிஜன் 99 சதவீதம்னு காட்டுது. உண்மையச் சொல்றேன், நானும் வாந்தி மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பத்தான் இருந்தேன். ஆனா யாருக்கும் வயித்தால போகல, அதோட வெயிட்டிங் ஹால்ல ரெண்டு மணி நேரம் உக்காந்ததுலயே கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொன்னது உறுத்துச்சு.

"வீட்ட எப்படிடா சூடா வச்சிருந்தீங்க?"

ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தாங்க. அப்புறம் மெதுவா வந்துச்சு, சம்மர்ல வாங்கின, கரி போட்டு வர்ற பார்பெக்யூ தட்டு ஒன்னு மிச்சம் இருந்துச்சாம், "வெளியவே பத்த வச்சோம்ணா, புகை சுத்தமா நின்னப்புறம்தான் ரூமுக்குள்ள எடுத்துட்டு வந்தோம்."

அங்கதான் தப்பு. புகை நின்னு கரி செவசெவன்னு கனியுற நேரத்துலதான் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு நல்லா வரும். அதுக்கு வாசனையும் கிடையாது நெறமும் கிடையாது. நம்ம ஊர்ல குமுட்டி அடுப்ப முத்தத்துலயோ கொல்லையிலயோ வச்சோம், ஓட்டு வீட்ல காத்து எங்கயாவது பூந்து போயிரும், இங்க ரெண்டு கண்ணாடி போட்ட ஜன்னல், பத்தாததுக்கு பசங்க கதவு இடுக்குல டவல் வேற சொருகி வச்சிருந்தாங்க.

அந்த 99 ஏன்னா, கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்ஸிஜனத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபின ஆக்ஸிஜனவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிச்சுக்கும், விரல் மெஷின் லைட் அடிச்சு நெறத்த வச்சுக் கணக்குப் போடுது, ஆக்ஸிஜன் ஒட்டியிருந்தாலும் இந்த விஷ வாயு ஒட்டியிருந்தாலும் அதுக்கு ரெண்டும் ஒன்னுதான். கொரோனா நேரத்துல வாங்கின அந்த மெஷின் எல்லார் வீட்லயும் கெடக்கு, அதப் பாத்து தைரியமா இருந்துராதீங்க. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். மாஸ்க் போட்டு முழு ஆக்ஸிஜன் குடுத்தா சுமார் ஒன்னு ஒன்றரை மணி நேரத்துல ரத்தத்துல அந்த வாயு பாதி எறங்கும், சும்மா காத்துல உக்காந்தா நாலஞ்சு மணி நேரம் ஆகும். மூணு பேரும் மறுநாள் நல்லபடியா போய்ட்டாங்க.

வெள்ளத்துலயும் இதே கததான். 2015 டிசம்பர் டெஸ்மண்ட் புயல்ல இங்கிலாந்து வடமேற்குல ஹானிஸ்டர் கணவாயில 24 மணி நேரத்துல 341.4 மில்லிமீட்டர் மழை, அதே பக்கம் லான்காஸ்டர் ஊர்ல சப்ஸ்டேஷனுக்குள்ள தண்ணி பூந்து 60,000 வீடு இருட்டாச்சு, செல்போனும் செத்துப்போச்சு. 2024 நவம்பர்ல பெர்ட் புயல் வந்தப்போ மொதல்ல பனி, அது மேலயே மழை, பனியும் உருகி ஆத்துல சேந்துருச்சு. இப்படித் தண்ணி ஏறி எறங்கினப்புறம் வீட்ட காய வைக்க ஜெனரேட்டர், பெட்ரோல்ல ஓடுற தண்ணி மோட்டார்னு கொண்டு வருவாங்க, மழை பெய்யுதேன்னு கராஜ்குள்ள வச்சு ஓட்டுவாங்க. கதவத் தொறந்து வச்சாலும் பத்தாதுங்க, ஜன்னல் கதவுலருந்து தள்ளி முழுசா வெளியவே வைங்க. கேஸ் அடுப்ப எரியவிட்டு குளிர் காயுறதும் வேணாம்.

கரண்ட் போனா இங்க 105க்கு கூப்பிடலாம், ஆனா இப்போ லேண்ட்லைன் பெரும்பாலும் இன்டர்நெட் மூலமா வர்றதால ரவுட்டர் செத்தா அதுவும் செத்துரும், செல்லுல சார்ஜ மிச்சம் வைங்க. வாடகை வீட்ல பாய்லர் இருக்குற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கிறது 2022 அக்டோபர்லருந்து இங்கிலாந்துல ஓனரோட கடமை, இல்லன்னா கேட்டு வாங்குங்க.

அந்தப் பசங்க உண்மையச் சொல்லத் தயங்கினது எதுக்குன்னு அப்புறம் கேட்டேன். ஹவுஸ் ஓனருக்கு தெரிஞ்சா டெபாசிட் போயிரும்னு பயமாம். டாக்டர் ஓனருக்கெல்லாம் போன் போட மாட்டார் தம்பி. வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வெளிய வந்தா சரியாகுதுன்னா உள்ள கரி எரிச்சதையும் சேத்து மொதல் நர்ஸ்கிட்டயே சொல்லிருங்க.