பூட்டிய வீடுகளின் ஓட்டு

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கப்பாவுக்கு 72 வயசு. ஒரு தேர்தல்கூட விட்டதில்லை. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட வந்து யாருக்குப் போடப் போறீங்கன்னு எங்க வீட்டுல கேட்டதில்லை. எங்க தெருவுலயும் கேட்டதில்லை. அப்புறம் எப்படி டிவியில இவங்களுக்கு இத்தனை சீட்டுன்னு சொல்றாங்க? எல்லாம் காசு வாங்கிட்டுச் சொல்றதுதானே?"

காசு வாங்கிச் சொல்பவர்களைப் பற்றி அறிவியலில் சொல்ல ஒன்றுமில்லை. காசு வாங்காமல், வெயிலில் அலைந்து, நேர்மையாகக் கேட்டு வருகிறவர்களின் கணிப்பும் எப்படித் தப்பிப் போகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் உங்கள் தெரு. தமிழ்நாட்டில் சுமார் 6 கோடி வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருத்துக்கணிப்பில் 6,000 பேரைக் கேட்டால் பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பு. உங்கள் அப்பாவை யாரும் கேட்காதது இயல்பு. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆறாயிரம் பேர் போதுமா என்றால், எண்ணிக்கை அளவில் போதும். இது பள்ளிக் கணக்குதான். பிழையின் அளவு, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். 1,000 பேரைக் கேட்டால் இரண்டு பக்கமும் சுமார் 3 சதவீதப் பிழை, 4,000 பேரைக் கேட்டால் 1.5 சதவீதம். நாலு மடங்கு ஆளைக் கேட்டால் பாதிப் பிழை. மொத்த மக்கள்தொகை ஒரு மாவட்ட அளவா, நாட்டின் அளவா என்பதால் இதில் பெரிய வித்தியாசம் வராது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான்.

ஆனால் அந்தப் பழமொழியில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. உலை கொதிக்கும்போது தண்ணீர் அரிசியைப் புரட்டிக்கொண்டே இருக்கும். எந்தப் பருக்கையை எடுத்தாலும் அது மற்றப் பருக்கையைப் போலத்தான் வெந்திருக்கும். ராகி களியில் இந்த நம்பிக்கை செல்லாது. மாவைக் கொட்டிவிட்டு, கோலை அழுத்திப் பிடித்துக் கிண்டாமல் விட்டால் நடுவில் மாவுக் கட்டி அப்படியே நிற்கும். மேலே ஒரு உருண்டை எடுத்துப் பார்த்து "வெந்துடுச்சு" என்பீர்கள். சாப்பிடும்போது கட்டி பல்லில் படும். நம் ஊர்களில் மக்கள் இருப்பது கிண்டாத களி மாதிரி. ஒரு தெரு முழுக்க ஒரு கட்சி, வாய்க்காலைத் தாண்டினால் வேறு கட்சி, மலைமேல் வேறு கணக்கு. ஒரே தெருவில் இருபது பேரைக் கேட்டால், கேட்டது இருபது பேர் என்று தோன்றும். உண்மையில் நாலைந்து பேரைக் கேட்ட அளவுக்குத்தான் தகவல் கிடைத்திருக்கும்.

இதற்கு மருந்தும் ராகிக் காட்டிலேயே இருக்கிறது. பயிர் அறுவடை பரிசோதனை நடக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்று தெரிந்துகொள்ள, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றை அளந்து, கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சதுரத்தை வயலில் எங்கே போடுவது? கதிர் நன்றாகத் தலை சாய்ந்த இடத்தைக் காட்டச் சிலருக்கு மனசு வரும். காப்பீட்டை நினைத்து, காய்ந்த மூலையைக் காட்டச் சிலருக்கு மனசு வரும். அதனால் இடத்தை மனிதர் தேர்வு செய்வதில்லை, எண்கள் தேர்வு செய்கின்றன. வயலின் ஒரு மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் என்று தற்செயல் எண் சொல்லும் புள்ளியில்தான் முளைக்குச்சியை அடிக்க வேண்டும். அங்கே பாறை இருந்தாலும் சரி, எலி தின்ற இடமாக இருந்தாலும் சரி.

1930-களில் வங்கத்தில் சணல் பயிரைக் கணக்கிட, புள்ளியியலாளர் மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைக் கையில் எடுத்த காலத்திலிருந்து இந்தியாவில் இந்த முறை வளர்ந்தது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் அவர் வழியில் வந்ததுதான். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அறுக்கும் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாகவே வருகிறது என்பதை நம் புள்ளியியலாளர்கள் கவனித்தார்கள். ஏன்? ஓரக் கயிற்றை ஒட்டி ஒரு செடி நிற்கிறது. உள்ளேயா, வெளியேயா? சந்தேகம் வந்தால் அறுக்கும் கை அதை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. துண்டு சிறியதாக ஆக, மொத்தத்தில் ஓரத்தின் பங்கு கூடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். இப்படி ஆயிரம் துண்டு அறுத்தாலும் அந்தச் சாய்வு குறையாது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டிலும் கை அதே பக்கம்தான் சாய்கிறது.

இதைக் கல்லூரி நாட்களில் நானே நேரில் கண்டேன். ஒரு தேர்தலுக்கு முன்பு பென்னாகரம் வட்டத்தில் கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். வாக்குச்சாவடியில் தொடங்கி, வலது கைப்பக்கமாக நடந்து, பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று தட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனேன். முதல் வீடு பூட்டு. அடுத்தது பூட்டு. மூன்றாவது வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் பெங்களூரு போயிருக்காங்க கண்ணு, சென்ட்ரிங் வேலைக்கு. நான் மட்டும்தான் இருக்கேன்" என்றார். பூட்டிய வீட்டுக்கு மாலையில் திரும்பி வரவா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போ என்றார். அன்று நான் நிரப்பிய இருபது தாளில் ஏழு, பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்திருந்த வீட்டில் கேட்டது. எண்ணிக்கை சரியாக இருபது இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த ஏழு வீடு என்ன செய்யும் என்று ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஊரில் ஆயிரம் வாக்காளர்கள். சரிபாதி 500 பேர் ஒரு கட்சி, 500 பேர் இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்களில் வெளியூர் வேலைக்குப் போன இளவட்டங்கள் கொஞ்சம் அதிகம். கேட்கப் போகும் நாளில் முதல் கட்சிக்காரர்களில் நூற்றுக்கு 60 பேர் வீட்டில் இருக்கிறார்கள், இரண்டாவது கட்சிக்காரர்களில் 50 பேர். இருப்பவர்கள் எல்லாரையும் கேட்டாயிற்று, எல்லாரும் உண்மையே சொன்னார்கள். 300-க்கு 250. அதாவது 54.5 சதவீதத்துக்கு 45.5. இல்லாத ஒன்பது சதவீத முன்னிலை எங்கிருந்தோ வந்துவிட்டது. இதையே நூறு ஊரில் செய்தால் அதே ஒன்பதுதான் வரும், ஆனால் தற்செயல் பிழை மிகக் குறைவு என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இதில் பயமாக இருப்பது இதுதான். சாய்வு இருக்கும்போது அதிகம் பேரைக் கேட்கக் கேட்க, தவறான பதில்மேல் நம்பிக்கைதான் கூடுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் சியாவ்-லி மெங் 2018-இல் இதை எண்ணாகவே காட்டினார். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்கே பல கணிப்புகளில் சேர்ந்த பதில்கள் சுமார் 23 லட்சம் என்று எடுத்துக்கொண்டார். பதில் சொல்வதற்கும் யாருக்கு ஓட்டு என்பதற்கும் இடையே இருந்த ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்க ஒட்டிப் போனால் 1) வெறும் 0.005. கண்ணுக்கே தெரியாத சாய்வு. அந்தச் சாய்வோடு கூடிய 23 லட்சம் பதில்கள், ஒழுங்காகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 400 பேரின் பதிலுக்குத்தான் சமம் என்று கணக்கு வந்தது! முதன்முதலில் இதைப் படித்த இரவு, தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பழைய உதாரணமும் அமெரிக்காவில்தான். 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தது ஒரு காரணம். சீட்டைத் திருப்பி அனுப்பும் ஆர்வம் யாருக்கு அதிகம் இருந்தது என்பது இன்னொரு காரணம்.

நம் பக்கத்தில் சாய்வுக்கு இன்னும் சில வாசல்கள் உண்டு. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, கன்னடம். தமிழ் மட்டும் தெரிந்த பையன் கதவைத் தட்டினால், தமிழ் தெரிந்தவர் இருக்கும் வீட்டில்தான் தாள் நிரம்பும். அப்புறம் பயம். கேள்வி கேட்கும்போது வார்டு கட்சிக்காரர் திண்ணையோரம் வந்து நின்றால், மருமகள் வாயைத் திறக்க மாட்டார், மாமியார்தான் பதில் சொல்வார். இதற்காகவே தேர்தல் ஆய்வுகள் நடத்தும் லோக்நிதி அமைப்பின் ஆய்வுகளில் சின்னம் அச்சிட்ட மாதிரிச் சீட்டையும் ஒரு பெட்டியையும் கொண்டுபோயிருக்கிறார்கள். குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிடலாம். கேட்டவருக்கே தெரியாது. எளிமையான, மரியாதையான ஏற்பாடு.

இப்போது ஓட்டு சதவீதத்துக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பதிவானது தருமபுரியில், 81 சதவீதத்துக்கு மேல். மத்திய சென்னையில் 54-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. கணிப்பவருக்கு இந்த இரண்டு ஊரும் இரண்டு விதத் தலைவலி. சென்னையில் "யாருக்கு?" என்பதோடு "நிஜமாகவே போவீர்களா?" என்றும் கேட்க வேண்டும். போவேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கேட்ட நாளில் வீட்டில் இருந்தவர், ஓட்டு நாளில் சாவடிக்கு வருவதில்லை. தருமபுரியில் நேர்மாறு. கேட்ட நாளில் வீட்டில் இல்லாதவர், ஓட்டு நாளில் வந்துவிடுகிறார். முதல் நாள் ராத்திரி பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் பேருந்துகளில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரிலிருந்த பாட்டியைக் கேட்டுத் தயாரித்த கணிப்புக்குள் அந்தப் பேருந்துகள் இல்லை.

சதவீதத்தைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் ஓடுகிறது: ஓட்டு அதிகம் விழுந்தால் ஆளுங்கட்சிக்கு ஆகாது என்று. இதைக் கிளி ஜோசியத்தோடுதான் சேர்க்க வேண்டும். 2021-இல் மாநிலத்திலேயே அதிகம் பதிவான தொகுதி நம் பாலக்கோடு, 87 சதவீதம். அங்கே ஜெயித்தவர் அப்போது அமைச்சராக இருந்த கே.பி.அன்பழகன். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 2016-ஐவிட 2021-இல் பதிவு சற்றுக் குறைவு, ஆனால் ஆட்சி மாறியது. இன்னொன்று: பட்டியலில் இறந்தவர், இடம் மாறியவர் பெயர்களை நீக்கினாலே, கூடுதலாக ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் சதவீதம் ஏறிவிடும். வகுக்கும் எண் சிறியதாகிறது, அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 19 மாலை மாநிலப் பதிவு 72.09 சதவீதம் என்றார்கள். பிறகு 69.46 ஆனது, கடைசியில் 69.72. மோசடி என்று பலர் கொதித்தார்கள். மாலையில் சொன்னது எல்லாச் சாவடியின் எண்ணிக்கையும் அல்ல, அதுவரை செயலியில் வந்து சேர்ந்ததை வைத்துச் சொன்ன மதிப்பீடு. அதுவும் ஒரு மாதிரிதான். சீக்கிரம் அனுப்பிய சாவடிகளும் தாமதமாக அனுப்பிய சாவடிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நுணுக்கமாகப் பிரிக்க முடியாத இடங்களும் உண்டு. 2021-இல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் 794 ஓட்டு. பதிவானது சுமார் 2.1 லட்சம். இந்த இடைவெளியை நம்பிச் சொல்ல, குறைந்தது ஒரு லட்சம் பேரைக் கேட்டிருக்க வேண்டும். அதாவது ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேரை! அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 2024 மக்களவைக்கு வந்த வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளைப் பாருங்கள். பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. தற்செயல் பிழையாக இருந்தால் சிலது கூடவும் சிலது குறையவும் சொல்லியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் தவறினால் அது சாய்வு.

சாய்வைச் சரிசெய்ய, இளைஞர் குறைவாகக் கிடைத்தால் கிடைத்த இளைஞரின் பதிலுக்கு எடை கூட்டுவார்கள். அதற்கு ஊரில் இளைஞர் எத்தனை என்று தெரிய வேண்டும். கையில் இருக்கும் முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டுடையது. ஓசூர் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு மாறிவிட்டது! அதோடு, ஊரில் இருக்கும் இளைஞரும் பெங்களூர் போன இளைஞரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்பது வெறும் அனுமானம். நல்ல மருந்து ஒன்றுதான்: பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போவது. ஞாயிற்றுக்கிழமை போவது, ராத்திரி எட்டு மணிக்குப் போவது, தொலைபேசி எண் வாங்கிப் பெங்களூருக்கே கூப்பிடுவது. அதற்குச் செலவாகும். தொலைக்காட்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல் துறைக்கும் சமூகவியல் துறைக்கும் இதற்கென்று அரசு நிதி தர வேண்டும், எத்தனை கதவு தட்டினார்கள், எத்தனை திறந்தது என்பதை அவர்கள் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காரிமங்கலம் வாசகரும் அடுத்த முறை டிவியில் கணிப்பு வந்தால் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட, எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று கேட்கட்டும்.

அந்த வருடம் வாக்குப்பதிவு அன்று மறுபடியும் பென்னாகரம் பக்கம் போனேன். நான் 'பூட்டு' என்று எழுதிவிட்டு நகர்ந்த முதல் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. கர்நாடகப் பதிவெண் கொண்ட இரண்டு பைக்குகள் நின்றன. திண்ணையில் அண்ணன் தம்பி மூவர், விரலில் மை காயாமல், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.