மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்டு யாரும் சுதந்திரம் வாங்கவில்லை

இந்த வாரம் திருத்திய விடைத்தாள்களில் பதினோராவது முறையாக அதே வரி: "அமெரிக்க விவசாயிகள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்டார்கள், வரிசையாக நின்ற ஆங்கிலேயப் படை தோற்றது." அமெரிக்க சுதந்திரப் போர் பற்றிய கேள்விக்கான பதில் அது. இருபது வருடமாக வரலாறு நடத்துகிறேன். சிவப்பு மையில் ஓரத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய்த்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்த மரக் கதைக்கு ஒரு நாள் ஆதாரம் உண்டு. 1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்டிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிய ஆங்கிலேயப் படையை, வழியெல்லாம் கல்சுவருக்கும் மரத்துக்கும் பின்னாலிருந்து சுட்டார்கள். உண்மைதான். ஆனால் அது ஒரு நாள். போர் எட்டு வருடம். அடுத்து நடந்ததையும் பாருங்கள். 1776 ஆகஸ்டில் லாங் ஐலண்டில் அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டன் தோற்றார், நியூயார்க் கைவிட்டுப் போனது. 1777 செப்டம்பரில் பிலடெல்பியா போனது. 1780 மே மாதம் சார்ல்ஸ்டனில் சுமார் 5,000 பேர் சரணடைந்தார்கள். தோல்விப் பட்டியல்தான் நீளம்.

துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பக்கத்து ஆட்கள் வைத்திருந்த ரைஃபிள் குறி தவறாது. ஆனால் குண்டைக் குழலுக்குள் அழுத்தி இறக்க ஒரு நிமிடம் போல ஆகும், முனையில் கத்தி மாட்டவும் வழியில்லை. மஸ்கட் என்ற சாதாரணத் துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய் அதே நிமிடத்தில் மூன்று முறை சுடுவான், பிறகு கத்தியை நீட்டிக்கொண்டு ஓடி வருவான். ரைஃபிள்காரன் இரண்டாவது குண்டைத் திணித்து முடிப்பதற்குள் அவன் எதிரே நிற்பான். அதனால்தான் 1778-ல் வேலி ஃபோர்ஜ் முகாமில், பிரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டியூபனை வைத்து வாஷிங்டன் தன் ஆட்களுக்கு வரிசையில் நிற்கப் பழக்கினார். ஒளிந்து சுட்டே ஜெயிக்கலாம் என்றால் அவர் அந்தப் பாடுபட்டிருப்பாரா?

சரி, பிறகு எப்படி ஜெயித்தார்கள்? அழியாமல் இருந்ததுதான் முதல் காரணம். துறைமுகத்தில் கப்பல் போய் நிற்கும் எந்த ஊரையும் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் பிடித்து வைத்திருக்க ஆள் போதவில்லை. பிலடெல்பியாவைப் பிடித்தபோது அமெரிக்கர்களின் பிரதிநிதி சபையான காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு யார்க் என்ற ஊருக்குப் போய்விட்டது, போர் நிற்கவில்லை. ஆங்கிலேயச் சிப்பாய்க்கு வேண்டிய சாப்பாட்டில் பெரும்பகுதி அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து 3,000 மைல் கடல் தாண்டி வர வேண்டும். தெற்கே அமெரிக்கத் தளபதி நதானியல் கிரீன் ஒரு பெரிய சண்டைகூட ஜெயிக்கவில்லை. 1781 மார்ச்சில் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் அவரைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ், தன் படையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார்.

அடுத்த காரணம் பிரான்ஸ். இதை ஒரு வரியில் கடந்துபோகும் விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். 1777 அக்டோபரில் சரடோகாவில் கிட்டத்தட்ட 6,000 ஆங்கிலேயத் தரப்புச் சிப்பாய்கள் சரணடைந்த பிறகு, 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் வெளிப்படையாக அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. வெடிமருந்து அதற்கு முன்பே ரகசியமாக வந்துகொண்டிருந்தது. 1779-ல் ஸ்பெயினும் இறங்கியது. அப்புறம் லண்டனுக்குக் கரீபியன் சர்க்கரைத் தீவுகள், ஜிப்ரால்டர், இந்தியா என்று எல்லாவற்றையும் காக்க வேண்டிய நிலை.

வர்ஜீனியாவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கப்பலுக்காகக் காத்திருந்தார். 1781 செப்டம்பர் 5 அன்று அந்த ஆறு கலக்கும் செசபீக் வளைகுடாவின் வாசலில் பிரெஞ்சுத் தளபதி டி கிராஸின் 24 போர்க்கப்பல்கள், 19 ஆங்கிலேயக் கப்பல்களை விரட்டின. கதவு சாத்தப்பட்டது. அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸ் படை, 7,000 பேருக்கு மேல், ஆயுதத்தைக் கீழே வைத்தது. மீட்புக் கப்பல்கள் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியதே அன்றைக்குத்தான். அப்போதும் நியூயார்க் ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. ஆனால் 1782 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றமே அமெரிக்கப் போர் போதும் என்று வாக்களித்தது.

இந்தப் போர் நம் கரைக்கும் வந்தது என்பதை எத்தனை பேர் வகுப்பில் சொல்கிறோம்? 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டார்கள். கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் 15 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. இவ்வளவுக்கும் ஜனவரி 20 அன்றே ஐரோப்பாவில் முதல்கட்ட சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. சேதி கடலூருக்கு வர ஜூன் கடைசி ஆகிவிட்டது. தூரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எனக்கு மனசு வலிப்பது வேறு இடத்தில். போன மாதம் ஒரு பையன் எழுந்து, "அவங்களுக்கு வீரமும் ஒற்றுமையும் இருந்தது சார், நம்ம பாளையக்காரர்களுக்கு இல்லை" என்றான். தம்பி, ஒற்றுமையா? அங்கே ஆங்கிலேய மன்னர் பக்கம் நின்று, கடைசியில் நாட்டை விட்டே போனவர்கள் சுமார் 60,000 பேர். 1801-ல் சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டியபோது திப்பு இறந்து இரண்டு வருடம். பாண்டிச்சேரி 1793 முதலே ஆங்கிலேயர் கையில். கம்பெனிக்குச் சென்னையிலேயே கோட்டை இருந்தது, மருதுவுக்கு உதவ ஒரு கப்பல்கூட வர வழியில்லை. தோற்றவர்களைக் கோழை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

போர் பற்றிய ஒரு வீடியோவோ ஃபார்வர்டோ கையில் கிடைத்தால் உடனே அனுப்பாதீர்கள். பணம் யார் கொடுத்தார்கள், வெடிமருந்தும் குண்டும் எங்கிருந்து வந்தன, கடல் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத கதையைப் பரீட்சையில் எழுதவே எழுதாதீர்கள். ஆசிரியர்களே, இந்தப் பாடம் நடத்தும் நாளில் வீரர் படத்தைக் கழற்றிவிட்டு அட்லாண்டிக் கடல் படத்தைக் கரும்பலகையில் மாட்டுங்கள். பிள்ளைகளே விரலால் அளந்து பார்க்கட்டும்.