பிக்கப்பில் கழற்றி மாட்டும் டீசல் டேங்க்: வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம்

பெங்களூரு கலாசிபாளையத்தில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குப் போன மாதம் ஓசூர்க்காரத் தம்பி ஒருவர் பிக்கப்போடு வந்தார். கல்யாண மண்டபங்களுக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். "அண்ணே, பின்னாடி நூறு லிட்டர் டேங்க் ஒண்ணு வெச்சுக் குடுங்க. லோடு ஏத்துற அன்னைக்குக் கழட்டிடுவேன். மத்த நாள் வண்டியும் அதுலயே ஓடணும்" என்றார். டேங்குக்காக ஒரு பழைய பீப்பாயையும் ஏற்றி வந்திருந்தார்.

முதலில் பீப்பாயை ஓரமாக வைக்கச் சொன்னேன். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. காலியாகத் தெரியும் பீப்பாய்க்குள் ஆவி நின்றிருக்கும்; வெல்டிங் வைத்தால் வெடிக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மடிப்புகளில் தங்கிய எண்ணெய் சூட்டில் மறுபடி ஆவியாகும்.

அடுத்தது, இன்ஜினுக்கு நேராக ஹோஸ் போடும் யோசனை. இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின் (ஒரே குழாயில் அழுத்தி வைத்த டீசலை எல்லா சிலிண்டருக்கும் பகிர்ந்து கொடுப்பது) இழுக்கிற டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. மிச்சத்தை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பும். கூடுதல் டேங்கிலிருந்து இழுத்து ரிட்டர்னை மட்டும் பழைய டேங்கில் விட்டால், பழைய டேங்க் நிரம்பி வழியும். இதை ஓசூர் ரோட்டில் பார்த்திருக்கிறேன். பழுதாகி நின்ற ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, டேங்க் மூடி வழியாக டீசல் வழிந்து பின்சக்கரம் முழுக்க நனைந்திருந்தது. அந்த டீசலில் பைக் சறுக்கி விழுந்த ஒரு பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அந்த டேங்குக்கும் என்ன சம்பந்தம்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

"டீசல்தானே, சட்டென்று பற்றாது" என்பார்கள். இங்கே விற்கும் டீசலின் ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பதே தர விதி. அதாவது, அந்தச் சூட்டுக்கு மேல் அதன் ஆவி பொறி பட்டால் பற்றலாம். ஏப்ரல் வெயிலில் பிக்கப்பின் இரும்புத் தளத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். பெட்ரோல் என்றால் பேச்சே வேண்டாம். அது மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பற்றும் ஆவியை விடும்.

சரி, எடையைப் பார்ப்போம். நூறு லிட்டர் டீசல் கிட்டத்தட்ட 83 கிலோ. பாதி நிரம்பிய டேங்கில் அது அலையடிக்கும்; பிரேக் போட்டால் மொத்தமும் முன்னால் மோதும். அதனால் உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். கழற்றி மாட்டும் டேங்கில் பெரிய பிரச்சினை இங்கேதான். அவசரத்தில் நான்கு போல்ட்டில் இரண்டை மட்டும் முடுக்கிவிட்டுக் கிளம்புவது மனித இயல்பு. கயிறு போட்டுக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், டேங்க் செய்யாதீர்கள். அந்தத் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசின் மாதிரி படிந்து ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

அப்புறம் சட்டம். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றத்தைத்தான்.

தம்பியிடம் கேட்டேன்: "உங்களுக்கு டீசல் வேண்டியது ஜெனரேட்டருக்கா, வண்டிக்கா?" யோசித்துவிட்டு, "ஜெனரேட்டருக்குத்தான்ணே" என்றார். அப்படியானால் வண்டியின் டீசல் லைனைத் தொடவே வேண்டாம். இடத்துக்கே டீசல் கொண்டு வந்து ஊற்றும் வண்டிகள் பெங்களூரில் ஓடுகின்றன. பெரிய வேலைகளுக்கு அவர்களைக் கூப்பிடச் சொன்னேன். சின்ன வேலைக்கு, எரிபொருளுக்கென்றே செய்த, மூடி இறுகும் கேன்கள் போதும். பெட்ரோல் பங்கில் நிரப்பும்போது கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்து நிரப்ப வேண்டும். பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தே நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி கிளம்பலாம்.

கேன்கள் நகராதபடி பிக்கப்பின் முன்சுவரை ஒட்டி ஒரு கம்பிச் சட்டமும் இழுத்து இறுக்கும் ராட்செட் பெல்ட்டும் போட்டுக் கொடுத்தேன். அரை நாள் வேலை. பீப்பாயை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை.