உள்நாட்டு வன்முறையா, குடும்ப வன்முறையா?

"உள்நாட்டு வன்முறை சிறுபிள்ளைகளின் உளநலத்தில் ஏற்படுத்தும் தாக்கம்." இலங்கை மலையக மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளில் இப்படி ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆய்வு நடப்பதோ, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளரும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளைப் பற்றி.

மூலச் சொல் ஆங்கிலத்தின் 'டொமெஸ்டிக்'. இலத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. வீட்டுக்குரியது என்ற பொருள் விரிந்து, நாட்டுக்குள் நடப்பது என்றும் ஆயிற்று. உள்நாட்டு விமான சேவை என்பது சரி. அடி உதைக்கு அந்தப் பொருள் ஒட்டாது. கணினி மொழிபெயர்த்துக் கொடுத்ததை மாணவர் அப்படியே எடுத்து ஒட்டுகிறார், மேற்பார்வை செய்பவரும் திருத்துவதில்லை.

மலையகத்தில் பெரியவர்களிடம் உள்நாட்டு வன்முறை என்று சொல்லிப் பாருங்கள். 1977, 1983 என்று இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்த வருஷங்களைச் சொல்வார்கள். யுத்தம் சிறுவர் மனதைப் பாதித்தது பற்றி இலங்கையில் தனியாகவே ஆய்வுகள் இருக்கின்றன. தலைப்பைப் பார்ப்பவர் இதையும் அவற்றோடு சேர்த்துவிடுவார். வினாக்கொத்தில் இந்தச் சொல் ஏறினால் இன்னும் மோசம். கொழுந்தெடுக்கும் தாய் "அப்படி இங்க ஒண்ணும் இல்லீங்க" என்பார். அது பூச்சியம் என்று பதிவாகும்.

'வீட்டு வன்முறை' பிழையல்ல. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தை வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்றுதான் சொல்கிறோம். சட்டத்தைக் குறிக்கும்போது பெயரை மாற்றக் கூடாது. மற்ற இடங்களில் 'குடும்ப வன்முறை'யே தெளிவு. அதே ஆண்டு வந்த இந்தியச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டில் இந்தச் சொல்தான். நம் சட்டமே, வீட்டுச் சூழலிலோ வெளியிலோ, தனிப்பட்ட உறவு காரணமாக நடப்பது என்று வரையறுக்கிறது. முன்னாள் கணவனும் அதில் அடக்கம். அவன் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து அடித்தாலும் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். 'வீட்டு' என்று கேட்டால் அந்த அடியை யாரும் கணக்கில் சொல்லமாட்டார்கள். தனித்தமிழ் ஆர்வத்தில் 'இல்லக வன்முறை' என்று ஆக்குவோரும் உண்டு. தமிழ்தான், ஆனால் லயத்தில் அதற்கும் உரை எழுத வேண்டிவரும்.

'குடும்பத் தகராறு' அறவே வேண்டாம். தகராறு என்றால் இரண்டு பேருக்கும் பங்கு. அடித்தவன் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

இன்னொரு தொல்லை 'எக்ஸ்போஷர்' என்பதை 'வெளிப்பாடு' ஆக்குவது. "வன்முறைக்கு வெளிப்பட்ட சிறுவர்கள்" என்றால் தமிழில் என்ன அர்த்தம்? உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் வெளிப்பாடு. இங்கே வெளியே நடப்பது பிள்ளையின் உள்ளே போய்த் தங்குகிறது. 'கண்டும் கேட்டும் வளரும் பிள்ளைகள்' என்று எழுதினால் போதும். கேள்வியும் அதிலேயே பிறக்கும். லயத்தின் 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், அதாவது அறையில், ஒரு சேலைத் திரைதான் மறைப்பு. பிள்ளை தூங்கிவிட்டது என்று நம்பமுடியாது. பிள்ளை பார்த்ததா, சத்தத்தைக் கேட்டதா, காலையில் அம்மாவின் வீங்கிய முகத்தைக் கண்டதா என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். 'உளநலப் பாதிப்பு உண்டா' என்பதற்கும் பதில் வராது. ராத்திரி பாயை நனைக்குதா, தூக்கத்தில் அலறுதா, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விடப்போனால் சேலையை இறுக்கிப் பிடிக்குதா, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டதா என்று கேளுங்கள். கணவன் பக்கத்தில் இருக்கும்போது எதையும் கேட்காதீர்கள். நீங்கள் படியிறங்கியதும் அந்தத் தாய்க்கு அடி விழும்.