ஞாயிறுதோறும் கூடுவதன் மருத்துவம்

ஜெபமாலை சொல்லும்போது யாரும் மூச்சை எண்ணுவதில்லை. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டி எண்ணிப் பார்த்தார். 23 பேரை இலத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்து, அவர்களுடைய மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் அவருடைய குழு பதிவு செய்தது. 'மரியே வாழ்க' ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்லிப் பின்பாதியை மற்றவர் சொல்லி முடிக்க ஏறத்தாழ 10 விநாடி ஆகிறது. சுற்றுக்கு ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. நம் இரத்த அழுத்தமும் இயல்பாகவே சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. இரண்டு தாளங்களும் ஒத்துப்போகும்போது, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் கூர்மையாகின்றன. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சேதி சொல்லி இதயத்தை நிதானப்படுத்துபவை அவைதாம். 2001இல் வெளியான இந்த ஆய்வில், யோக மந்திரம் சொன்னபோதும் இதே விளைவு கிடைத்தது. ஜெபத்தின் பொருள் இதனால் குறைந்துவிடாது. ஆன்மாவுக்காகச் செய்வதில் உடலும் பங்கு பெறுகிறது, அவ்வளவே.

ஆனால் ஆலயத்தின் பெரிய பலம் மூச்சில் இல்லை, கூடுவதில் இருக்கிறது. அமெரிக்காவில் 74,534 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களின் இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. நடமாட முடியாத நோயாளிகள் ஆலயத்துக்கு வரமாட்டார்களே என்ற கேள்வி நியாயமானது. ஆய்வாளர்கள் அதையும் முடிந்தவரை கணக்கில் எடுத்தார்கள். ஆயினும் இது காரணத்தை முற்றாக நிரூபிக்கும் பரிசோதனை அல்ல. வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கை மனிதத் துணை விளக்கியது. புகைபிடிக்காமையின் பங்கும் கிட்டத்தட்ட அதே அளவு.

அதே ஆலயத்தால் நோயாளியை நோகடிக்கவும் முடியும். மருத்துவமனையில் இருந்த முதியோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்' என்று தவித்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. 'உன் விசுவாசம் போதவில்லை' என்று படுக்கையருகே சொல்லப்படும் சொல் எத்தனை கொடியது! ஜெபிப்பதால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அப்படித்தான். மருந்தையும் இறைவனின் கொடையாகவே போதகர் பேசட்டும். சபை அவர் வாயைப் பார்த்திருக்கிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு வலியது என்பதை நைஜீரியாவின் எனுகு மாநிலத்தில் கண்டார்கள். 40 ஆலயங்களில் பாதியில், ஞாயிறு வழிபாட்டில் கர்ப்பிணிகளுக்காக ஜெபித்து, பிறகு ஆலயத்திலேயே அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம் நடத்தி, அங்கேயே இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அந்த ஆலயங்களில் 92 சதவீதப் பெண்கள் எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டார்கள். மற்ற ஆலயங்களில் 55 சதவீதம்தான்.

நம் ஆலயத்திலும் இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தொடங்க ஒரு மேசையும் கருவியும் போதும். சபையில் செவிலியர் ஒருவராவது இருப்பார். லுத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் 1980களில் சிகாகோ அருகே திருச்சபைச் செவிலியர் பணியைத் தொடங்கியது இத்தகையவர்களை நம்பித்தான். பாடி முடித்த கையோடு அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டக்கூடும். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி உட்காரவேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் மறுமுறை அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதி, அளந்துகொண்டவரிடமே கொடுக்கவேண்டும். அது அவருடைய அந்தரங்கம், அறிவிப்புப் பலகைக்கு உரியது அல்ல.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் சீட்டைச் சட்டைப்பையில் வைத்து மறந்துவிடுவார்கள். மருத்துவ முகாம் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும். ஆலயத்தில் அடுத்த ஞாயிறும் அதே செவிலியர் அதே வாசலில் நின்று, "டாக்டரைப் பார்த்தீர்களா ஐயா?" என்று கேட்பார்.