32 வரவேண்டிய இடத்தில் 31

5, 12, 25, 44, 69 என்று ஒரு தொடர்வரிசை. அடுத்த எண்ணைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடலாம். நூறாவது எண்ணைக் கேட்டால்? அதுவரை வரிசையாக எழுதிக்கொண்டு போக யாருக்கும் பொறுமை இருக்காது. இட எண்ணைச் சொன்னவுடன் உறுப்பைத் தரும் ஒரு விதி வேண்டும். பள்ளியில் பொது உறுப்பு என்று படிப்பது இதைத்தான்.

எண்களை விட்டுவிட்டு அவற்றின் வித்தியாசங்களைப் பாருங்கள்: 7, 13, 19, 25. இவை எல்லாம் ஒன்றாக இருந்திருந்தால் இது கூட்டுத் தொடர்வரிசை, வேலை சுலபம். 3, 7, 11, 15-இல் பொது வித்தியாசம் 4. இட எண்ணை 4-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்தால் முடிந்தது. இங்கே வித்தியாசமும் வளர்கிறது. சரி, வித்தியாசங்களுக்கும் வித்தியாசம் எடுப்போம்: 6, 6, 6. நின்றுவிட்டது.

இரண்டாம் வித்தியாசம் மாறாமல் நின்றால் விதிக்குள் வர்க்கம் இருக்கிறது. எத்தனை மடங்கு? வர்க்க எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1, 4, 9, 16, 25-இன் வித்தியாசம் 3, 5, 7, 9; அவற்றின் வித்தியாசம் எப்போதும் 2. ஒரு வர்க்கத்துக்கு 2 என்றால், 6 வருவதற்கு மூன்று வர்க்கம் வேண்டும். 'இரண்டாம் வித்தியாசத்தைப் பாதியாக்கு' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லித் தரவேண்டும்.

வர்க்கங்களின் மும்மடங்கு 3, 12, 27, 48, 75. இதை நம் வரிசையிலிருந்து கழித்தால் மிச்சம் 2, 0, −2, −4, −6. அது இரண்டிரண்டாக இறங்கும் சாதாரண வரிசை: 4-இலிருந்து இட எண்ணின் இருமடங்கைக் கழித்தது. ஆக, இட எண்ணின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி, இட எண்ணின் இருமடங்கைக் கழித்து, 4-ஐக் கூட்ட வேண்டும். நூறாவது உறுப்பு 30,000 − 200 + 4 = 29,804.

ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த கணக்கிடும் இயந்திரமான வித்தியாசப் பொறி இதே கணக்கைத்தான் திருப்பிப் போட்டது. கடைசியில் நிற்கும் வித்தியாசத்திலிருந்து மேலே கூட்டிக்கொண்டே வந்தால், பெருக்கலே இல்லாமல் அட்டவணை முழுவதும் கிடைத்துவிடும். 1822-இல் அவர் ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். அவருடைய இரண்டாம் வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் கட்டி இயக்கிப் பார்த்தது. அது ஏழாம் வித்தியாசம் வரை கையாளும்.

ஆனால் வித்தியாசம் நிற்கிறது என்று எப்போது நம்பலாம்? வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோடு போட்டு இணையுங்கள். உள்ளே ஒரே இடத்தில் மூன்று கோடுகள் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியில் தொடங்கி ஐந்து புள்ளி வரை வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டுகளாகும். அடுத்து 32 என்று கை தானாக எழுதிவிடும். எண்ணிப் பார்த்தால் 31. ஐந்து உறுப்புகளுக்கு வித்தியாசம் எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு 1 தான் மிஞ்சும். தனியாக நிற்கும் எண்ணை வைத்து, அது மாறுமா மாறாதா என்று சொல்ல வழியில்லை.

இங்கே விதியைத் தருவது படம்தான். புதிதாக வரையும் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. கோடுகள் வெட்டும் ஒவ்வொரு இடமும் இன்னொன்றைக் கூட்டுகிறது. கோட்டுக்கு இரண்டு புள்ளி வேண்டும். நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால், அவற்றின் மூலைவிட்டங்கள் சரியாக ஒரு முறை வெட்டிக்கொள்ளும். ஆறு புள்ளிகளில் கோடுகள் 15, வெட்டுகள் 15, முதலில் இருந்த முழு வட்டம் 1. மொத்தம் 31. பத்துப் புள்ளிகளுக்கு 1 + 45 + 210, அதாவது 256. மறுபடியும் 2-இன் அடுக்குதான், ஆனால் இரட்டிப்பை நம்பியவர் அந்த இடத்தில் 512 எழுதியிருப்பார்.